வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்?

மாதவிலக்கு நாள் தள்ளிப்போனதும் மருந்துக் கடையில் பரிசோதனை அட்டை வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் எங்களிடம் வருவோரில் பலர், அட்டை சொல்லாததையும் அது சொன்னதாக எண்ணிக்கொண்டு வருகிறார்கள்.

அட்டை கண்டறிவது ஒன்றைத்தான்: சிறுநீரில் ஹெச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் உள்ளதா என்பதை. சினைமுட்டை வெளியாகி ஏறத்தாழ 6 முதல் 12 நாட்களில் கரு பதிகிறது. அதன் பின்னரே இந்த ஹார்மோன் இரத்தத்திலும் சிறுநீரிலும் தென்படும். தொடக்கத்தில் மிகக் குறைவாக இருந்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆகவே நாள் தள்ளிய மறுநாளே ஒற்றைக் கோடு வந்தால் கர்ப்பம் இல்லை என முடிவு செய்யலாகாது. மாதவிலக்கு ஒழுங்கற்றவர்களுக்கோ, நாள் தள்ளியது என்றைக்கு என்பதே தெரியாது. ஒரு வாரம் கழித்து, காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் மறுபடி பாருங்கள்.

முடிவை உறையில் குறித்துள்ள நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காலையில் வைத்த அட்டையில் மாலையில் தெரியும் நிறமற்ற கோடு, ஈரம் உலர்ந்த தடமாகவே இருக்கலாம். 'சி' என்ற இடத்தில் கோடு விழாவிட்டால் அந்த அட்டை செல்லாது. காய்ச்சல் மாத்திரையோ கருத்தடை மாத்திரையோ முடிவை மாற்றுவதில்லை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் போடப்படும் ஹெச்.சி.ஜி. ஊசி மாற்றும். கருக்கலைந்த பின்னும் சில வாரங்கள் இரண்டு கோடுகள் வரக்கூடும்.

நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்புவது வேறு. கரு எங்கே பதிந்தாலும் ஹெச்.சி.ஜி. சுரக்கும், சினைக்குழாயில் பதிந்தாலும் இரண்டு கோடுகள்தாம் வரும். கரு வளர வளரக் குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். அடிவயிற்றில் ஒருபுறம் வலி, சிறிய இரத்தக்கசிவு, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டுப் பெரியவர்கள் இதை வாயுத் தொல்லை என்று கருதி ஓமநீர் கொடுத்துக் காத்திருப்பதைக் காண்கிறோம். காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

அட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னும் ஆபத்தானது. அம்மாத்திரை சினைக்குழாய்க் கர்ப்பத்தைக் கலைக்காது. உதிரப்போக்கு மட்டும் ஏற்படும். எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைந்துவிடுவார்கள்.

மருத்துவமனையில் ஸ்கேன் செய்து கரு இருக்கும் இடத்தைக் கண்டறிவோம். அது தெளிவாகாவிட்டால், 48 மணி நேர இடைவெளியில் இரத்தத்தில் ஹெச்.சி.ஜி. அளவை இருமுறை பார்ப்போம். வரும்போது கடைசி மாதவிலக்கின் முதல் நாளைக் குறித்து வாருங்கள். பழைய அட்டையை உறையிலிட்டுக் கொண்டுவரத் தேவையில்லை.