அஞ்சு வினாடித் தண்டனை நியாயமா?

கிரிக்கெட்டுக்கு அம்பயர் மாதிரி கார் பந்தயத்துக்கு ‘ஸ்டூவர்டு’கள். தண்டனை கொடுப்பது இவங்கதான்.

2019 ஜூன் 9, கனடா கிராண்ட் பிரி. 48-வது சுற்றில் முன்னால் போன வெட்டல் புல்தரையில் ஏறிட்டார். அவர் ரோட்டுக்குத் திரும்பியபோது பின்னால் வந்த ஹாமில்டனுக்குச் சுவரோரம் வழியில்லை, பிரேக் போட்டார். ‘ஆபத்தாகத் திரும்பினார்’ என்று வெட்டலுக்கு 5 வினாடி கூட்டினார்கள். கோட்டை முதலில் தாண்டியது வெட்டல்தான், ஆனால் 1.342 வினாடிதானே முன்னிலை! வெற்றி ஹாமில்டனுக்குப் போச்சு. கோபத்தில் வெட்டல் 1, 2 பலகைகளையே மாற்றி வைத்தார். (சிரிப்பாத்தான் இருந்தது.) ஃபெராரி மறுபடி விசாரிக்கக் கேட்டும் நடக்கலை.

“புல்லில் டயர் பிடிக்காதுடா, அவர் என்ன பண்ணுவார்?” என்கிறான் என் பெஞ்ச் நண்பன். நானும் முதலில் அவன் கட்சிதான். ஆனால் சுவரில் மோதியிருந்தால்? ரூல் வேணும்.

எனக்கு உறுத்துவது வேறு. வெட்டல் அப்புறம் 6 வினாடி இடைவெளி எடுத்திருந்தால் தண்டனைக்குப் பிறகும் அவர்தான் முதல். ஒரே தப்பு, ஒரே தண்டனை, பலன் மட்டும் வேற! ‘இடத்தை விட்டுக்கொடு’ என்று உடனே சொல்லியிருந்தால் மிச்சச் சுற்றுகளில் ரோட்டிலேயே முடிவு தெரிந்திருக்கும்.

நண்பன் இன்னும் ஒத்துக்கலை. நீங்க யார் பக்கம்? வெள்ளிக்கிழமைக்குள் சீட்டில் எழுதிக் கொடுங்க.