அரசாணைக்கும் வகுப்பறைக்கும் நடுவே ஒரு வேலை

மொழிக்கொள்கை என்றதும் 1938, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டங்களும் மேடைப் பேச்சும்தான் நமக்கு நினைவுக்கு வரும். மொழிக்கொள்கையையும் இருமொழிக் கல்வியையும் ஆராய்வதே ஒரு தொழில் என்பது பலருக்குத் தெரியாது.

மொழியியல் முதுகலை நேர்வழி. அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்களில் துறை உண்டு. தமிழ், ஆங்கிலம், கல்வியியல் படித்தவர்களும் வரலாம். ஆனால் சமூக மொழியியலைத் தனியே படித்தாக வேண்டும். அடுத்தது யுஜிசி நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. அதன் வழியே முனைவர் பட்ட ஆய்வுக்கு இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. சொந்தக் காசில் முனைவர் பட்டம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

பலர் சறுக்குவது ஆய்வுத் தலைப்பில்தான். ‘மும்மொழித் திட்டம்: ஓர் ஆய்வு’ என்று அரசாணைகளை மட்டும் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள். அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் போய் உட்காருங்கள். ஆசிரியர் பாடப்புத்தகத்தின் ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிப்பார். “அதாவது, இலை தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே தயார் பண்ணிக்குது” என்று தமிழில் விளக்குவார். பிள்ளைகள் சந்தேகம் கேட்பதும் தமிழில்தான். விடைத்தாளில் மட்டும் ஆங்கிலம். ஒசூர்ப் பக்கம் போனால் வீட்டுத் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். யார், எந்த இடத்தில், எதற்காக மொழி மாறுகிறார் என்று குறித்தால் அதுதான் உங்கள் தரவு. இதற்குக் கல்வித்துறை அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். கோப்பு மெதுவாகத்தான் நகரும், முதலாண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒரு மொழியில் சரளமாகப் பேசுவது வேறு, அதில் பாடம் படித்து எழுதுவது வேறு என்று 1979-இல் பிரித்துக் காட்டிய ஜிம் கம்மின்ஸைப் படிக்காமல் இத்துறையில் நகர முடியாது. கூடவே நம் நாட்டு மொழியியலாளர்களான டி.பி. பட்டநாயக்கையும் இ. அண்ணாமலையையும் படியுங்கள். மேலைநாட்டுக் கோட்பாடுகள் பலவும் இரண்டு மொழிகளை வைத்துக் கட்டியவை. நம் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு மொழிகள் சாதாரணம்.

நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் சொற்பம். அதை மட்டுமே நம்பி இறங்க வேண்டாம். 1969-இல் மைசூரில் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பாடநூல் தயாரிப்பு, ஒடிசாவின் பழங்குடி மொழிவழிக் கல்வித் திட்டம், சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகம் என்று கண்ணை அகலத் திறந்து வையுங்கள்.

மீண்டும் நெட் தேர்வுக்கு வருவோம்: அதில் மொழியியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. வழக்கமாக ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கும். முதுகலை இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம்.