மாவை ஏன் அவிக்கிறோம்?

லா சப்பல் கடைகளில் விற்கப்படும் அவித்த கோதுமை மாவைக் கண்ட மாணவி ஒருவர், “பிட்டைத்தானே அவிக்கிறோம்; மாவையும் ஏன் முன்னரே அவிக்க வேண்டும்?” என எம்மிடம் வினவினார். நல்ல வினா.

கோதுமை மாவில் ‘குளுத்தேன்’ எனப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பசைப்புரதம் உண்டு. நீர்விட்டுப் பிசையும்போது அது இழுபடும் வலையாகின்றது. வெதுப்பகத்தில் பாண் பொங்கி எழுவது அவ்வலையினால்தான். பிட்டுக்கோ அதுவே பகை. ஆதலின் எம் அன்னையர் மாவைத் துணியிற் கட்டி நீராவியில் அவித்து, சூடு ஆறுமுன் கட்டியுடைத்து அரித்தெடுத்தனர். வெப்பம் பட்ட புரதம் இழுபடும் இயல்பை இழந்துவிடும்; பின்னர் சுடுநீர் விட்டுக் குழைத்தாலும் மா உதிரியாகவே நிற்கும். அரிசி மாவில் இப்புரதம் இல்லை. அதனை வறுத்தாற் போதும்.

அருகே பார்பெஸ் பகுதியில் வாழும் வட ஆபிரிக்க அயலவரின் ‘குஸ்குஸ்’ பாத்திரத்தைப் பாருங்கள். கீழே கொதிக்கும் குழம்பு; மேலே துளைத்தட்டில் ஆவியில் வேகும் கோதுமை மணிகள். எங்கள் நீத்துப்பெட்டிக்கு உறவு போலும்! குஸ்குஸ் ஆக்கும் மரபை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியையோ எம் மாணவரிற் பலர் கண்டதில்லை.

பெற்றோரே, வரும் விடுமுறையில் ஒருநாள் கடை மாவை விடுத்து வீட்டிலேயே மா அவியுங்கள். அரிதட்டைப் பிள்ளைகளின் கையிற் கொடுங்கள்.