ஒரே பிளக்கில் ஓடிய கம்ப்யூட்டர்



இன்று சிறிய மளிகைக் கடையிலும் பில் போடும் மெஷின் வந்துவிட்டது. 40 ஆண்டுகளுக்கு முன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஓட்டுவது பெரும்பாடு. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கதையை இங்கே பாடமாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. விலையைக் குறைத்தவர் என்ன ஆனார், வாங்குபவரின் சிரமத்தைக் குறைத்தவர் என்ன ஆனார் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. பெரிய ஸ்டோர்களும், ஆப் மூலம் வீட்டுக்கே சரக்கு அனுப்பும் கம்பெனிகளும் நம்மை நெருக்கும் இந்நாளில், கடை நிலைக்குமா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

வீட்டில் இருந்த ஏற்பாடு

இங்கிலாந்தில் சின்க்ளேர் கம்பெனி 1981-இல் இசட்.எக்ஸ்.81 என்ற கம்ப்யூட்டரை 69 பவுண்டு 95 பென்ஸுக்கு விற்றது. விலை மலிவு. ஆனால் வாங்கியவருக்கு வேலை வீட்டில்தான் தொடங்கியது. திரை கிடையாது, வீட்டு டி.வி.யோடு ஒயர் போட்டு இணைக்க வேண்டும். வீட்டார் டி.வி. பார்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும். புரோகிராம்களைச் சேமிக்க ஒரு டேப் ரிக்கார்டர் வேண்டும். ஆக மூன்று பொருள், மூன்று பிளக், தரையெல்லாம் ஒயர்.

அதன் நினைவகம் 1 கே.பி. மட்டுமே. போதாதென்று பின்னால் 16 கே.பி. பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகுவார்கள். அது சற்று அசைந்தாலும் அதுவரை அடித்ததெல்லாம் போய்விடும். அடுத்த ஆண்டு 48 கே.பி.யோடு ஸ்பெக்ட்ரம் 175 பவுண்டுக்கு வந்தது. அதிலும் டேப்பிலிருந்து ஒரு விளையாட்டை ஏற்றச் சில நிமிடங்கள் ஆகும். டேப் ரிக்கார்டரின் சத்தம் கூடினாலோ குறைந்தாலோ ஏறாது. மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

விலைப் போர்

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் பார்ப்போம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி தன் 99/4ஏ கம்ப்யூட்டரை 1981-இல் 525 டாலருக்கு விற்றது. எதிரே நின்றது கமடோர் கம்பெனி. ஒருவர் குறைக்க மற்றவரும் குறைத்து, 1983-இல் 99/4ஏ சுமார் 100 டாலருக்கு இறங்கியது. கமடோருக்குச் சொந்தமாகச் சிப் தொழிற்சாலை இருந்ததால் அடக்க விலை குறைவு, அது தாங்கியது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983 அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே கைவிட்டது. அடக்க விலை யார் கையில் இருக்கிறதோ அவரோடு விலையில் மோதினால் முதலுக்கே மோசம்.

சிரமத்தை வாங்கிக்கொண்ட வியாபாரி

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். ஆலன் சுகர் என்பவர் வேனில் வைத்து கார் ஏரியல் விற்றுத் தொழிலைத் தொடங்கியவர். 1968-இல் ஆம்ஸ்ட்ராட் கம்பெனியை நிறுவினார். 1984-இல் அவர் கொண்டுவந்த சி.பி.சி. 464 கம்ப்யூட்டரில் டேப் ரிக்கார்டர் கீபோர்டுப் பெட்டியிலேயே இருந்தது. திரையும் சேர்த்தே கொடுத்தார். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் அந்தத் திரைப் பெட்டியிலிருந்தே வந்தது. ஒரே பிளக் போதும். வீட்டு டி.வி.யும் தப்பித்தது.

மறு ஆண்டு பி.சி.டபிள்யூ. 8256 என்று ஒன்று கொண்டுவந்தார். திரை, கீபோர்டு, பிரிண்டர், கடிதம் தயாரிக்கும் புரோகிராம் எல்லாம் சேர்த்து 399 பவுண்டு, வரி தனி. நம்மைப் போன்ற சிறு தொழில் செய்பவர்களே அதை விரும்பி வாங்கினர்.

இதில் கவனிக்க வேண்டியது, சின்க்ளேரின் அந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் ஆம்ஸ்ட்ராடின் இந்த இரண்டுக்கும் மூளையாக இருந்தது இசட்-80 என்ற ஒரே வகைச் சிப்தான். சரக்கு ஒன்றே, சேர்த்துக் கொடுத்த விதம் வேறு. 1986-இல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலையே ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. சின்க்ளேரின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. 1984 கிறிஸ்துமஸுக்குப் பின் விற்காமல் தேங்கிய சரக்கு அவற்றில் ஒன்று.

ஆம்ஸ்ட்ராடிலும் குறை இருந்தது. அது 3 அங்குல டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டது. உலகம் 3.5 அங்குலத்துக்குப் போனதும், வாங்கியவர்கள் டிஸ்க்குக்கு அலைய நேர்ந்தது. பின்னால் கிடைக்காத சரக்கைப் பழக்கப்படுத்துவதும் வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகமே.

நம் கடைக்கு

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பாக்கெட்டில் 5 ரூபாய் லாபம் வைத்து 100 பாக்கெட் விற்றால் 500 ரூபாய். போட்டிக்காக 2 ரூபாய் குறைத்தால், அதே 500 ரூபாய்க்கு 167 பாக்கெட் விற்க வேண்டும். நம் தெருவில் அவ்வளவு விற்குமா என்று எண்ணிப் பார்த்த பிறகே விலையில் கை வைக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் சிரமத்தைக் குறைக்க அவ்வளவு செலவு ஆகாது. இட்லி அரிசி கேட்பவருக்கு உளுந்தும் வெந்தயமும் அளவோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கலாம். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, சந்தனம், குங்குமம், கற்பூரம் அனைத்தையும் ஒரே பையில் போட்டு ஒரே விலை சொல்லலாம். மொத்த வியாபாரிகளாகிய நாங்களும், மூட்டை மூட்டையாகத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லாமல், சிறு கடைக்காரருக்கு வேண்டிய பத்து வகையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரே லோடில் அனுப்பலாம். அவர் முதல் முடங்காது. எங்கள் வரவும் தவறாது.

நம் கடையில் வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு இன்னும் எதற்காக அலைகிறார் என்பதை ஒவ்வொருவரும் கேட்டு அறிவோம். அந்த அலைச்சலை நாம் ஏற்றுக்கொண்டால், இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்காக அவர் வேறு கடை தேடமாட்டார்.