முட்புதர்க்காடு புகட்டும் பாடம்

குற்றாலச் சோலைகளைக் காண மக்கள் திரள்கின்றனர். மலைக்குக் கிழக்கே, தென்காசி வட்டாரத்துச் செம்மண் மேடுகளில் வளர்ந்துள்ள முட்புதர்க்காடோ, வெறும் தரிசு எனப் பெயர் பெற்றுவிட்டது. அவ்வாறு ஒதுக்குவது தகுமா? ஆந்திர மாநிலத்தின் கடப்பை மாவட்டத்தில் நிகழ்ந்ததொன்றை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிதல் நலம்.

கவுதாரியளவே உள்ள நெடுங்கால் பறவையொன்றை, சென்னைப் படையின் மருத்துவராயிருந்த ஜெர்டான் கண்டறிந்தார். 1848-இல் அது அறிவுலகிற்கு அறிமுகமாயிற்று. 1900-இல் அனந்தப்பூர் அருகே காணப்பட்டபின் அது அறிஞர் எவர் கண்ணிலும் படவில்லை. தேடியவர்களும் வெறுங்கையுடன் திரும்பினர். பூண்டோடு அழிந்தது என்றே பலர் கருதினர்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பாரத் பூஷண், படத்தைக் காட்டிக் கிராம மக்களிடம் விசாரித்தார். அவர்களோ அதனைக் ‘கலிவிக்கோடி’ என்றே அறிந்திருந்தனர். கலிவிப் புதரில் வாழும் கோழி என்பது பொருள். 1986 ஜனவரியில் ரெட்டிப்பள்ளி அருகே ஊரார் ஒருவர் இரவில் விளக்கொளியில் ஒன்றைப் பிடித்தார். அது இராப்பறவை, பகலில் தேடியவர்க்கு அகப்படாததில் வியப்பில்லை. 86 ஆண்டுகள் அறிஞர் காணாததை ஊரார் அறிந்திருந்தனர்!

அதன்பின் அங்கே சரணாலயம் அமைந்தது. எனினும் 2005-இல், சென்னைக்கும் நீர் தரும் தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய்ப் பணியில் அதன் வாழிடத்தின் ஒரு பகுதி அழிந்தது. பின்னர் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. வெட்டுமுன் கேட்டிருப்பின் அவ்விழப்பு நேர்ந்திராது. இன்றும் அப்பறவை மிக அரிதே.

புதர் மிக அடர்ந்தாலும், அறவே அழிந்தாலும் அது வாழாது; இடையிடையே வெற்றுநிலம் வேண்டும். ஆகவே அளவான ஆடு மேய்ச்சல் பகையன்று. இயந்திரங்கொண்டு முற்றும் திருத்துவதே பகை.

நாம் செய்யற்பாலன மூன்று:

1. வயலில் ஆட்டுக்கிடை போட்டு இரவில் காவலிருப்போரிடம் பறவைகளின் பெயர், குரல், இருப்பிடம் ஆகியவற்றைக் கேட்டறிதல்.

2. அவற்றை, 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் பேணவேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுதல்.

3. புறம்போக்குப் புதரை அகற்றத் தீர்மானிக்குமுன் அப்பதிவேட்டைப் படித்துப் பார்த்தல்.

சாலையும் கால்வாயும் நமக்கு வேண்டும். அவற்றைப் பிறகும் அமைக்கலாம், பாதையையும் மாற்றலாம். அழிந்த உயிரினத்தை எந்தத் திட்டத்தாலும் மீட்க இயலாது.