தோசைக்கல்லின் முன் நிற்கும் தம்பிக்கு



உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தோசை மாஸ்டராக அமர்ந்த முதல் மாதத்திலேயே, தனியாக வந்து மூலை மேஜையில் உட்கார்ந்த ஒரு பெண்மணி, தமக்குச் சீலியாக் நோய் என்றும், கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் துகள்கூடத் தம் உணவில் படக்கூடாது என்றும் எழுதிய அட்டை ஒன்றைச் சப்ளையரிடம் கொடுத்தனுப்பினார் என்றும், நீ அதைப் படித்துவிட்டு, "நம்முடையது அரிசி மாவுதானே, பயமில்லை" என்று சாதா தோசையும் சாம்பாரும் அனுப்பிவிட்டு, அது சரிதானா என்று இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டாய் என்றும் எழுதியிருந்தாய். நீ செய்தது சரியில்லை. ஆனால் அந்த உறக்கமின்மை நல்ல லக்ஷணம். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற எனக்கு அது வர இருபது வருஷமாயிற்று, அதுவும் ஒரு குழந்தையின் செலவில்.

நான் சரக்கு மாஸ்டராக இருந்த ஒரு ஹோட்டலுக்கு, எட்டு வயதுப் பையனை அழைத்துக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். சாம்பாரில் கோதுமை சேருமா என்று அந்தத் தாயார் கேட்டபோது, எனக்குச் சிரிப்பு வந்தது. "துவரம் பருப்பு, புளி, காய்கறி, இதில் கோதுமைக்கு ஏதம்மா இடம்?" என்று, தொழில் தெரிந்தவன் என்கிற மிதப்போடு சொன்னேன். பையன் நாலு இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுச் சாப்பிட்டான். மறுநாள் காலையில், நாங்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், தகப்பனார் மட்டும் வந்தார். சண்டை போடவில்லை. உங்கள் பெருங்காய டப்பாவைப் பார்க்கலாமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பி, பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு வரியில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று இருந்தது. இரவு முழுவதும் பையன் வாந்தியெடுத்தான் என்று சொல்லிவிட்டு, "தெரிந்திருந்தால் சர்க்கரை தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருப்பான்" என்றார். அவ்வளவுதான். அந்த டப்பாவை இருபது வருஷமாகத் தினமும் கையால் எடுத்தவன் நான். ஒருநாளும் திருப்பிப் பார்த்தவன் அல்லன்.

ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வருகிற அசல் பிசின் மிகக் காரமானது. அதை அப்படியே சமையலில் போட்டால் வாய்க்கு வழங்காது என்பதனால் கோந்தும் மாவும் கலந்து தணித்து விற்கிறார்கள். கூட்டுப் பெருங்காயம் என்பது இதுதான். இதில் மோசடி ஒன்றுமில்லை, அனுமதிக்கப்பட்ட வழக்கமே. சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன, பல கோதுமை மாவு சேர்க்கின்றன. டப்பாவின் முகப்பில் இருக்கும் பெயரிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, முதுகைத்தான் படிக்கவேண்டும். இப்போது யோசித்துப் பார்: சாம்பார், ரசம், இட்லி மிளகாய்ப் பொடி, ஊறுகாய், தயிர்சாதத்துத் தாளிதம், கடைசியில் குடிக்கிற நீர்மோர்வரை, பெருங்காயம் இல்லாதது எது? அரிசி தேசம் என்று நாம் மார்தட்டிக்கொள்கிற இந்த ஊரில், கோதுமை வாசல் வழியாக வராமல் வாசனை வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

வியாதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை அறியாதவனுக்கு இந்த ஜாக்கிரதையெல்லாம் பணக்காரர்களின் நாசூக்காகத் தோன்றும். உன் பக்கத்து மேஜையில் பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து வீசும்போது அது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருகிற புரதந்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவரின் உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே, இந்தப் புரதத்தைக் கண்டதும் மதிமயங்கி, சொந்தச் சிறுகுடலின் மேல் பாய்ந்து, அன்னரஸத்தை உள்ளே வாங்குகிற குடலுறிஞ்சிகளை மழுக்கிவிடுகிறது. அதன் பலனாகச் சிலருக்கு வாந்தியும் பேதியும், சிலருக்கு இரத்தசோகையும் எலும்பு நலிவும், குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவும் உண்டாகின்றன. சிலருக்கு வெளியே ஓர் அடையாளமும் தெரியாமலே உள்ளே சேதம் நடக்கும். ஆகையால், அந்த அம்மாள் மறுநாளும் நன்றாக இருந்தார் என்று யாரேனும் சொன்னால் அதை நீ உனக்கு விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளலாகாது. மருந்து கிடையாது, ஆயுள் முழுவதும் பத்தியம் ஒன்றே சிகிச்சை. கோதுமைதான் இதற்குக் காரணம் என்பதை நிலைநாட்டியவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. யுத்தப் பஞ்சத்துக்கு முன்பே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அகப்படாதிருந்தபோது இவ்வியாதியுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்ததும் அதற்கு வலுவூட்ட, 1950-இல் யுட்ரெக்ட் சர்வகலாசாலையில் தம் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தார். நம் நாட்டில், 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் இருக்கிறது. பிறவிக்கூறு இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். உண்கிற கோதுமையின் அளவில்தான் வித்தியாசம். நம் பக்கத்து மாஸ்டர்களுக்கு இதில் பழக்கம் இல்லாததற்கு இதுவே காரணம்.

எவ்வளவு கொஞ்சம் என்பதையும் தெரிந்துகொள். குளூட்டன் இல்லாதது என்று போட்டு விற்கும் பண்டத்தில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் இருக்கலாகாது என்பது சட்டம். ஒரு கிராம் மைதாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கும். ஆகவே, உன் கையில் ஒட்டுகிற ஒரு கிராம் மைதா, நாலு கிலோ மாவை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உன் கல்லைப் பார். ரவா தோசை ஊற்றுகிறாய். அதில் ரவையும் மைதாவும் உண்டு. அது எடுபட்டதும் தண்ணீரைத் தெளிக்கிறாய், கல் சீறுகிறது, பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுக்கிறாய், கருகின துகளெல்லாம் விளிம்புக்குப் போகின்றன, உடனே அந்த இடத்தில் சாதா தோசை மாவை ஊற்றி வட்டமிடுகிறாய். பார்ப்பதற்கு அழகான வேலை. ஆனால் அந்தத் துடைப்பத்தின் ஒவ்வொரு ஈர்க்கின் இடுக்கிலும் காலையிலிருந்து போட்ட ரவா தோசையும் கோதுமை தோசையும் உட்கார்ந்திருக்கின்றன. சாதா தோசைக்கு அது துடைப்பதல்ல, தடவுவது. நெருப்பில் எல்லாம் போய்விடும் என்று நீ நினைக்கலாம். சூட்டில் சாவது கிருமி. குளூட்டன் கிருமி அன்று. பூரி பொரித்த எண்ணெயில் பொரிகிற உளுந்து வடைக்கும் இதே கதிதான். கோதுமை அரைத்த மில்லில் அரைத்து வந்த அரிசி மாவும் அப்படியே. பரோட்டா மேஜையிலிருந்து கிளம்பும் மைதாப் புகை எங்கே போய்ப் படிகிறது என்று ஒருநாள் நின்று கவனி.

நான் பையனாக எடுபிடி வேலை செய்த ஓர் ஆசாரமான வீட்டில், பாட்டியம்மாள் ஒருவர் 'பத்து' பார்ப்பார். சோற்றுப் பாத்திரத்தைத் தொட்ட கை, கழுவாமல் நெய்யையோ தயிரையோ ஊறுகாயையோ தொடக்கூடாது, சோற்றுக் கரண்டி வேறு, மோர்க் கரண்டி வேறு, தவறினால் வசவு. அந்த ஆசாரம் மனிதர்களைத் தள்ளிவைத்த கொடுமையை நானே வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து அனுபவித்தவன், அதைக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று கையிலிருந்து கரண்டிக்கும், கரண்டியிலிருந்து பாத்திரத்துக்கும் தொற்றிச் செல்லும் என்று எந்நேரமும் நினைவில் வைத்திருந்த அந்தக் கிழவியின் கை இருக்கிறதே, அந்தக் கைதான் இந்த வியாதிக்காரருக்குச் சமைக்க வேண்டிய கை. மனிதருக்குப் பார்த்த பத்தைக் கோதுமைக்குப் பார்.

செய்யக்கூடியது அதிகமில்லை. சின்னக் கல் ஒன்று புதிதாக வாங்கி, அதற்கென்று ஒரு சட்டுவம், ஒரு கரண்டி, ஒரு மூடி போட்ட மாவுப் பாத்திரம் வைத்து, இவற்றை மேல் தட்டில் மூடி வை. சிந்துகிற மாவு கீழே விழுமே தவிர மேலே விழாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ரவா இட்லி வேகாத தட்டில் ஊற்றிய இட்லி, தாளிக்காத தேங்காய்ச் சட்னி, நெய், சர்க்கரை, பில்டர் காபி: இவ்வளவைத் தைரியமாகக் கொடுக்கலாம். மால்ட் கலந்த பானங்கள் பார்லியிலிருந்து வருபவை, அவை வேண்டாம். முதலாளியைக் கேட்டுப் பெருங்காயத்தை மாற்ற முடிந்தால் பாதிச் சமையல் அவர்களுக்குத் திறந்துவிடும். கூட்டம் நெரிகிற காலை எட்டு மணிக்கு வராமல், மூன்று மணி வாக்கில், முன்பே போன் செய்துவிட்டு வரும்படி அவர்களிடம் சொல். இவ்வியாதியோடு பழகியவர்கள் தாமே அப்படித்தான் வருவார்கள், உன் பெண்மணியும் கூட்டமில்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருப்பார்.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. வந்தவரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். சப்ளையர்கள் எதைக் கேட்டாலும் "இருக்குங்க, வருதுங்க" என்பார்கள். அது பொய்யில்லை, உபசாரம். ஆனால் பத்தியக்காரருக்கு அந்த உபசாரமே விஷம். தெரியாததைத் தெரியாது என்றும், இன்று கல் சுத்தமாக இல்லை, இட்லி மட்டுமே தரமுடியும் என்றும் சொல்ல, சப்ளையரை அனுப்பாதே. கையைத் துடைத்துக்கொண்டு நீயே மேஜைக்குப் போ. நீ நினைக்கிறபடி அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போகமாட்டார்கள். பல வருஷம் கழித்து, வேறோர் ஊரில், ஒரு மாமியிடம் "சாம்பார் வேண்டாம் அம்மா, அதில் கோதுமை இருக்கிறது" என்று நான் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெருங்காயமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆறு இட்லி சாப்பிட்டார். அந்த ஊரில் இருந்தவரைக்கும் மாதம் இரண்டு முறை வந்தார்.

உன் பெண்மணி மறுபடி வந்தால், முதல் தடவை நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடு. உடம்புக்கு என்னவோ ஆயிற்றென்று காரணம் தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருக்கலாம். கோபித்தால் கேட்டுக்கொள். எனக்கு அந்தப் பையனைப் பிறகு பார்க்கக் கிடைக்கவில்லை. இப்போது அவனுக்கு உன் வயசைவிடக் கூடுதலாக இருக்கும்.

உங்கள் சமையற்கட்டில் எந்தப் பெருங்காயம், அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, வரிவிடாமல் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தைக் கோரும்
பழைய சரக்கு மாஸ்டர்