வடிகட்டாத பழக்கூழ்

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்குப் பழ ஸ்மூத்தி எப்படிச் செய்வது?
— வாசகி, கிங்ஸ் சர்க்கிள், மும்பை

பதில்: ஜூஸை வடிகட்டும்போது நார் போய்விடும், ஸ்மூத்தியில் அது தங்கும். மும்பைக்காரர்களுக்குக் கைகொடுப்பது சிக்கு, அதாவது சப்போட்டா. வடக்கே டஹாணு, கோல்வட் தோப்புகளில் விளையும் சிக்குவுக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்கு கனிந்த சிக்கு ஒன்று, அரை வாழைப்பழம், கால் டம்ளர் புளிக்காத தயிர் போதும். சிக்கு விதையின் கொக்கி நுனி தொண்டையில் மாட்டும். அரைக்கும் முன் விதைகளை எண்ணி எடுப்பது நல்லது. சீத்தாப்பழமானால் இன்னும் கவனம்: அதன் விதை நச்சுள்ளது, மிக்ஸியில் அரைபடவே கூடாது. சர்க்கரை தேவையில்லை, சிக்குவின் இனிப்பே தாராளம். வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையும் இருந்தால், அதற்குத் தேன் அறவே ஆகாது. பாட்யூலிசம் என்ற நச்சுநோய் வரக்கூடும். அரை டம்ளர் அளவு, அரைத்த உடனே, டம்ளரில் கொடுங்கள்.